டிராக் பாணி பழைய மசில் கார்களுக்கு பிரேக் அமைப்பது எப்படி: பெடலில் இருந்து பாராசூட் வரை

1967-இல் அமெரிக்காவில் செவ்ரலே கமாரோ வாங்கப் போனவர், 396 கன அங்குல, 375 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஆர்டர் கொடுக்கலாம். அந்த வேகத்தை அடக்க அவருக்குக் கிடைத்தது நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் பிரேக். முன்சக்கர டிஸ்க்கும் பவர் பிரேக்கும் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். நிறையப் பேர் கட்டவில்லை. கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. டிராக் எனப்படும் கால் மைல் நேர்கோட்டு ஓட்டத்துக்கு வண்டி வாங்கியவர்களுக்கு டிரம்தான் பிடித்திருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி, முன்னால் ஒல்லி டயர், பின்னால் வரிப்பள்ளமில்லாத அகன்ற ஸ்லிக் டயர், சற்றே தூக்கிய மூக்கு என்று அந்தக் கால டிராக் ஸ்ட்ரிப் (டிராக் ஓட்டப் பாதை) தோற்றத்தில் ஒரு மசில் காரை, அதாவது பெரிய எஞ்சின் போட்ட அந்தக் கால அமெரிக்கக் காரைக் கட்டுபவர்களுக்கு. எடுத்துக்காட்டாக 1967–69 கமாரோவைப் பிடித்துக்கொள்கிறேன். செவெல், நோவா, மஸ்டாங், டாட்ஜ் டார்ட் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்; போல்ட்டும் பிராக்கெட்டும்தான் மாறும். அளவுகளை அங்குலத்தில் சொல்கிறேன், பாகங்கள் அப்படித்தான் விற்கின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,550 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 6 லட்சம் ஜூல். 200-இல் சுமார் 24 லட்சம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்கின் வேலை நான்கு மடங்கு. கால் மைலை 11 விநாடி சொச்சத்தில் ஓடும் இந்த எடை வண்டி, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது 190 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். அப்போது அதனிடம் இருப்பது கிட்டத்தட்ட 21.5 லட்சம் ஜூல்.

காற்றுத்தடையை விட்டுவிட்டு, முன்சக்கரங்கள் 70 சதவீதத்தை வாங்குகின்றன என்று கொண்டால், ஒவ்வொரு முன் ரோட்டாருக்கும் (டிஸ்க் பிரேக்கின் சுழலும் தட்டு) 7.5 லட்சம் ஜூல் வெப்பம் வந்து சேரும். 10 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு ரோட்டார் அதில் சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடேறும். டிராக் கடைகளில் விற்கும் 4 கிலோ ஒல்லி ஸ்டீல் ரோட்டார் சுமார் 400 டிகிரி ஏறும். டிராக் ஸ்ட்ரிப்பில் இதனால் ஒன்றும் ஆகாது. ஒரு தடவை நிறுத்துவீர்கள், அடுத்த ஓட்டத்துக்குள் ஆறிவிடும். அதே ரோட்டாரைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினால் மூன்றாவது வளைவில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

இந்தக் கணக்கைத்தான் முழுக்கட்டுரைக்கும் அடிப்படையாக வைத்திருக்கிறேன். டிராக் பிரேக் என்பது ஒரே ஒரு பெரிய நிறுத்தத்துக்கான பிரேக். தெரு பிரேக் என்பது ஓயாத நிறுத்தங்களுக்கானது. உங்கள் வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆண்டில் நான்கு நாள் ஸ்ட்ரிப்பிலும் மீதி நாள் ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு ரோட்டு பிரேக்கைத்தான் போட வேண்டும். நாலைந்து கிலோ குறைகிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

டிரம்மை வைத்துக்கொள்ளலாமா?

சரி, டிராக் ஓட்டக்காரர்களுக்கு டிரம் ஏன் பிடித்தது? பெடலை விட்டதும் ஸ்பிரிங்குகள், உள்ளிருந்து அழுத்தும் ஷூவை டிரம்மில் இருந்து முழுதாக இழுத்துவிடும். சக்கரம் தடையில்லாமல் சுற்றும். டிஸ்க்கில், ரோட்டாரை இரு பக்கமும் கவ்வும் பேடை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் மடங்கி நிமிரும் அளவுக்குத்தான் பின்வாங்கும். அதனால் பேட் ரோட்டாரை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். நூறில் ஒரு பங்கு விநாடிக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு அந்த உரசல் பெரிய விஷயம். போதாததற்கு, அன்றைய தொழிற்சாலை டிஸ்க் செட் கனமானது. அதே 1967-இல் ரோடு ரேஸுக்காக வந்த கமாரோ ஸீ/28-ஐப் பாருங்கள்: முன் டிஸ்க் இல்லாமல் அதை ஆர்டர் செய்யவே முடியாது. ஒரே வண்டி, இரண்டு வேலை, இரண்டு பிரேக்.

டிரம்மின் குறை எல்லோருக்கும் தெரிந்தது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் கீழே போகிறது. ரோட்டார் சூட்டில் தடிக்கும்போது பேடை நோக்கித்தான் வருகிறது. மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் முதல் இரண்டு அழுத்தத்துக்கு வண்டி நிற்காது. செவ்ரலே ஜே65 என்ற எண்ணில் உலோக லைனிங் (ஷூவின் உராய்வுப் பட்டை) விற்றது. சூட்டைத் தாங்கும், ஆனால் காலையில் குளிர்ந்த வண்டியில் சரியாகப் பிடிக்காது.

என் கருத்து: கால் மைலுக்கு 13 விநாடிக்கு மேல் எடுக்கும், பெரும்பாலும் கண்காட்சிக்கும் ஊர்சுற்றவும் போகும் வண்டியில், நல்ல நிலையில் உள்ள டிரம் தாராளமாகப் போதும். தோற்றமும் கெடாது. அதைவிட வேகமான வண்டிக்கு முன்னால் டிஸ்க் போட்டே ஆக வேண்டும்.

டிரம்மை வைத்துக்கொள்வதானால், பிரிக்கும்போது முதல் எச்சரிக்கை தூசி. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், தூரிகையால் தட்டாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

உள்ளே இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றில்லை. லைனிங் குட்டையாக உள்ளது முன்பக்கம், நீளமாக உள்ளது பின்பக்கம். முன் ஷூ டிரம்மைப் பிடித்ததும் சுழற்சியின் வேகத்திலேயே பின் ஷூவைத் தள்ளி அழுத்தும். கூடுதல் வேலை பார்ப்பது பின் ஷூதான். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் பாதிதான் பிடிக்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கிற தவறு. ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கத்தைப் பிரிக்காமல் வையுங்கள், பார்த்துப் பூட்டலாம்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். டிரம்மின் வெளிப்புறம் அதன் அதிகபட்ச விட்டம் பொறித்திருந்தால் அதைத் தாண்டித் தேய்ந்ததை வைத்திருக்காதீர்கள். எடை குறைக்க டிரம்மில் துளை போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடத் துளைதான் முதல் இடம்.

டிஸ்க் தேர்வு: சக்கரத்தில் இருந்து தொடங்குங்கள்

ரோட்டாரை வாங்கிவிட்டுச் சக்கரம் தேடுகிறவர்கள் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள். டிராக் தோற்றத்துக்கு முன்னால் 15 அங்குல விட்டம், 3.5 அங்குல அகலச் சக்கரம் போடுவது வழக்கம். அதற்குள் 11 அங்குல ரோட்டார் பெரும்பாலும் அடங்கும், ஆனால் பேடை அழுத்தும் காலிப்பரின் முதுகு சக்கரத்தின் கம்பிகளில் இடிக்கலாம். காலிப்பர் விற்பவர்கள் எல்லோரும் சக்கரப் பொருத்தத்துக்கான வரைபடம் தருகிறார்கள். அதைத் தாளில் அதே அளவில் அச்சிட்டு, அட்டையில் வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தெருவிலும் ஓடும் வண்டிக்கு நான் சொல்வது, 1969-இல் செவ்ரலே கொண்டுவந்த ஒற்றைப் பிஸ்டன் மிதக்கும் காலிப்பரும் 11 அங்குலக் காற்றோட்ட ரோட்டாரும். கனம்தான். ஆனால் மலிவு, பேட் எங்கும் கிடைக்கும். 1967–68 கமாரோவில் வந்த நான்கு பிஸ்டன் காலிப்பர் பார்க்க அழகு. வண்டி நின்றே கிடந்தால் பிஸ்டன் ஓடும் துளை துருப்பிடித்துக் கசியும். அசலை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துளைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டதாக வாங்குங்கள். ஸ்ட்ரிப்புக்கு மட்டும் போகும் வண்டி என்றால் வில்வுட், ஸ்ட்ரேஞ்ச் போன்றவர்களின் அலுமினிய டிராக் காலிப்பரும் ஒல்லி ரோட்டாரும் சரியான தேர்வு.

காலிப்பரைப் பூட்டியதும் ஒன்று பாருங்கள்: ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா? இடது வலது மாறிப் பூட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை லிட்டர் பிரேக் ஆயில் ஊற்றினாலும் மேலே தேங்கிய காற்று வெளியே வராது.

பின்பக்கத்துக்கு வருவோம். செவ்ரலேயின் 12 போல்ட் பின் அச்சில் ஆக்ஸிலைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் சி வடிவச் சின்னக் கிளிப். ஸ்லிக் டயரின் பிடிப்பில் ஆக்ஸில் முறிந்தால், உடைந்த துண்டும் சக்கரமும் டிரம்மும் சேர்ந்து அப்படியே வெளியே நழுவிப் போகும். பின் பிரேக்கும் அதோடு போயிற்று. பின்னால் டிஸ்க் இருந்தால் காலிப்பர் ரோட்டாரைப் பிடித்து ஓரளவு நிறுத்தி வைக்கும், ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது. ஸ்லிக் போடுவதென்றால் சி கிளிப்பை நீக்கி, ஆக்ஸிலை வெளிப்புற பேரிங்கில் பூட்டும் கிட் போடுங்கள், அல்லது ஃபோர்டு 9 அங்குல அச்சுக்கு மாறுங்கள். பிரேக் பட்ஜெட்டில் இதற்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள்.

பூஸ்டர் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பவர் பிரேக்கில் கால் விசையைக் கூட்டும் வெற்றிடப் பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்ய எஞ்சின் ஐடிலில் 16 முதல் 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் தர வேண்டும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட டிராக் எஞ்சின், அந்தத் தடதட ஓசையோடு, 10 அங்குலம் கொடுத்தாலே அதிகம். ஒரு தடவை அழுத்தினால் உதவி கிடைக்கும், இரண்டாம் தடவை கல்லை மிதிப்பது போல இருக்கும். எலெக்ட்ரிக் வெற்றிடப் பம்ப் போட்டுச் சரிக்கட்டலாம். எடையும் வயரிங்கும் கூடும். பூஸ்டர் இல்லாத மேனுவல் பிரேக்கைக் கணக்குப் போட்டு அமைத்தால் அதுவே போதும்.

பெடலும் மாஸ்டர் சிலிண்டரும்

எல்லாத் தவறும் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெடல் தொங்கும் அச்சில் இருந்து கால் வைக்கும் இடம் வரை அளக்கவும். பிறகு அதே அச்சில் இருந்து தள்ளுகோல் மாட்டும் துளை வரை அளக்கவும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெடல் விகிதம். 12 அங்குலமும் 2 அங்குலமும் என்றால் விகிதம் 6. மேனுவல் பிரேக்குக்கு 6-ஐ ஒட்டி வேண்டும். பூஸ்டர் வண்டிக்கு 4-ஐ ஒட்டி இருக்கும். முதல் தலைமுறை கமாரோவின் பெடலில் இரண்டு துளை இருப்பது இதற்காகத்தான். மேல் துளை மேனுவலுக்கு, கீழ்த்துளை பவருக்கு.

இப்போது 100 பவுண்டு, அதாவது 45 கிலோ விசையில் மிதிக்கிறீர்கள். விகிதம் 6 என்றால் தள்ளுகோலில் 600 பவுண்டு. அதை, பிரேக் ஆயிலை சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் துளைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் (பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு):

- 1⅛ அங்குலத் துளை: சுமார் 600 பி.எஸ்.ஐ.
- 1 அங்குலம்: சுமார் 760 பி.எஸ்.ஐ.
- ⅞ அங்குலம்: சுமார் 1,000 பி.எஸ்.ஐ.

டிஸ்க் காலிப்பருக்கு 900 முதல் 1,200 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். டிரம் தன் சுழற்சியாலேயே தன்னை இறுக்கிக்கொள்வதால் அதைவிட நன்றாகக் குறைவாகவே போதும். துளை சிறியதானால் அழுத்தம் கூடும். ஆனால் தள்ளும் ஆயிலின் அளவு குறையும், பெடல் ஆழமாக இறங்கும். அதனால் பெரிய ஒற்றைப் பிஸ்டன் காலிப்பருக்கு 1 அங்குலம் அல்லது 15/16, சின்ன டிராக் காலிப்பருக்கு ⅞ என்று தொடங்கலாம். 1 அங்குலத்தில் 900-ஐத் தொட 120 பவுண்டு மிதிக்க வேண்டியிருக்கும். முழு பிரேக் போடும்போது கால் அந்த அளவுக்குத் தாராளமாக மிதிக்கும்.

பூஸ்டரை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். விகிதம் 4, துளை 1⅛. அதே 100 பவுண்டு மிதிக்கு 400 பி.எஸ்.ஐ. டிஸ்க் வண்டி நிற்காது. "டிஸ்க் போட்டேன், டிரம்மைவிட மோசம்" என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான்.

இன்னும் இரண்டு நுணுக்கம். பவர் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் தள்ளுகோல் உட்காரும் குழி ஆழமில்லாமல் இருக்கும். மேனுவல் சிலிண்டரில் ஆழமாக இருக்கும். பவர் சிலிண்டரை மேனுவல் வண்டியில் போட்டால் நீளமான தள்ளுகோல் குழியை விட்டு நழுவி விழலாம். விழுந்தால் பெடல் காலோடு தரைக்குப் போகும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றாலும், விரலை விட்டுக் குழியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்து, பெடலை விட்ட நிலையில் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் 1/16 அங்குலம் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் விரியும் ஆயில் திரும்பிப் போக வழியின்றி பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வண்டி 1966 அல்லது அதற்கு முந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு என்றால் பெரும்பாலும் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர்தான் இருக்கும். ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டை அறைக்கு மாற்றுவதில் யோசனையே வேண்டாம். அமெரிக்காவில் 1968 முதல் சட்டமே அதைத்தான் கேட்டது.

பைப்பும் ஹோஸும்

3/16 அங்குல ஸ்டீல் பைப் அல்லது நிக்கல்-காப்பர் கலவைப் பைப். வெறும் செப்புப் பைப் கூடவே கூடாது, அதிர்வில் இறுகி விரிசல் விடும். முனையை ஒற்றை மடிப்பாக விரிக்காமல், இரட்டை மடிப்பாக, 45 டிகிரியில் விரிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் பைப் கடினம் என்பதால் அதற்கு 37 டிகிரி ஒற்றை மடிப்பும் அதற்கேற்ற நட்டும். இரண்டையும் கலந்து பூட்டினால் முதல் நாள் கசியாது, ஒரு மாதம் கழித்துக் கசியும். வெட்டுப்பட்ட பைப்பை இறுக்கு வளைய இணைப்பால் ஒட்டுப்போடும் வேலை குடிநீர்க் குழாய்க்குச் சரி. பிரேக்குக்கு ஆகாது.

பைப்பை, எஞ்சின் புகை வெளியேறும் ஹெடர் குழாய்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் குகைக்குள்ளும் வேண்டாம். ஷாஃப்ட் முறிந்தால் முதலில் அறுபடுவது அதுதான்.

ஹோஸைச் சோதிக்க ஒரு முறை. டிராக் வண்டி கிளம்பும்போது மூக்கு மேலே எழும், முன் சக்கரம் முழுவதும் தொங்கும். அதனால் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி, ஹோஸ் விறைக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். பின் அச்சுக்கும் இதையே செய்யுங்கள். தரையில் நிற்கும்போது சரியாகத் தெரிகிற ஹோஸ் தொங்கும்போது வீணைத் தந்தியாக நிற்கும்.

வால்வுகள்

டிரம் பக்கத்துக்கு 10 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு விலகாமல் அது காக்கும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டர்களில் இது வெளித்துளையின் உள்ளேயே ஒளிந்திருக்கும். அதே சிலிண்டரில் இருந்து டிஸ்க்குக்குப் பைப் இழுத்தால் பேட் எப்போதும் 10 பி.எஸ்.ஐ.-யில் பிடித்துக்கொண்டே இருக்கும், ரோட்டார் கருகும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் பழைய வண்டிகளுக்கு மட்டும் டிஸ்க்கிலும் 2 பி.எஸ்.ஐ. வால்வு தேவை.

பின் பைப்பில், பின்பக்க அழுத்தத்தைத் திருகி மாற்றக்கூடிய விகித வால்வு ஒன்று போடுங்கள். தொழிற்சாலைக் கணக்கு நான்கும் ஒரே அகல டயர் என்று வைத்துப் போட்டது. உங்களிடம் முன்னால் ஒல்லி டயர், சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் ஸ்லிக், நிறையப் பிடிக்கும். ஆகவே பின்பக்கப் பங்கு தொழிற்சாலை அளவைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு என்பதை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லைன் லாக்

ஓட்டத்துக்கு முன் பின் டயரைச் சுற்றவிட்டுச் சூடாக்கும் பர்ன்அவுட்டின்போது முன்சக்கரத்தை மட்டும் பிடித்து வைத்து, பின்சக்கரத்தைச் சுற்றவிடும் சாதனம். அந்தக் காலத்தில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ரோல் கன்ட்ரோல் பேர் பெற்றது. இது ஒரு சோலனாய்டு வால்வு. மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும்; பட்டனை அழுத்தினால் மூடி, முன் பைப்பில் உள்ள அழுத்தத்தைச் சிறைப்படுத்தும்.

பூட்ட வேண்டிய இடம், மாஸ்டர் சிலிண்டரில் இருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் பைப்பில், அது இரண்டாகப் பிரிவதற்கு முன். சிலிண்டரின் இரண்டு துளையில் எது முன்சக்கரத்துக்கு என்பதை இருக்கும் இடத்தை வைத்து ஊகிக்காதீர்கள், பைப்பைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். வால்வின் உடலில் உள்வாய், வெளிவாய் குறித்திருக்கும். மாறினால் அழுத்தம் நிற்காது. வயரிங்கில் ஃபியூஸ், கையை எடுத்தால் விடுபடும் பட்டன், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்ச் போடாதீர்கள்.

பயன்படுத்தும் வரிசை:

1. முன் டயர் நனையாமல், தண்ணீர்ப் பகுதியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, பின் டயரை மட்டும் ஈரத்தில் வையுங்கள். முன் டயர் ஈரமானால் பூட்டியிருந்தும் வழுக்கிக்கொண்டு போகும்.
2. ஈரத்தைத் தாண்டிய விளிம்பில் நிறுத்தி, பெடலை நன்றாக மிதியுங்கள்.
3. மிதித்தபடியே பட்டனை அழுத்துங்கள். அப்புறம் பெடலில் இருந்து காலை எடுங்கள். பின் பிரேக் விடுபடும், முன் பிரேக் பிடித்தே நிற்கும்.
4. ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். டயர் சுற்றிப் புகை எழுந்ததும் பட்டனை விடுங்கள், வண்டி தானாக முன்னே உருளும்.

பட்டனை முதலில் அழுத்திவிட்டுப் பெடலை மிதிப்பவர்கள் உண்டு. சிறைப்பட எதுவும் இருக்காது, வண்டி பாயும். இன்னொன்று, லைன் லாக் ஹேண்ட்பிரேக் ஆகாது. சோலனாய்டு சூடேறும், அழுத்தம் மெல்ல இறங்கும்.

ஆயிலும் ஏர் எடுப்பதும்

டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பின் 140-லேயே. டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். ஸ்ட்ரிப்புக்குப் போகும் வண்டிக்கு டாட் 4, ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் ஆயில் பெயின்ட்டை அரிக்காது என்பதால் கண்காட்சி வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் நுண்குமிழி எளிதில் தங்கும், பெடல் மெத்தென்று இருக்கும். மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதன் தம்பி. குணத்தில் டாட் 4-இன் குடும்பம்.

மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் சமமட்டமாகப் பிடித்து, இரண்டு வாயில் இருந்தும் சின்னக் குழாயை ஆயில் அறைக்குள்ளேயே வளைத்துவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெல்லத் தள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு நாள் முழுக்கப் பெடலை மிதிக்க வேண்டிவரும்.

சக்கரங்களில் ஏர் எடுப்பது தூரத்தில் இருந்து பக்கத்துக்கு. அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் என்பதால் வலது பின், இடது பின், வலது முன், இடது முன். ஸ்டீயரிங் வலது பக்கம் உள்ள நம்மூர் வண்டியில் பழகிய கை இடது பின்னுக்குத்தான் முதலில் போகும். இந்த நேரம் முழுவதும் லைன் லாக் அணைந்திருக்க வேண்டும். முடிந்ததும் பெடலை முழு பலத்தோடு அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளே விடுகிறது. ஏர் நிப்பிளின் இடத்தில் அழுத்தமானி ஒன்றை மாட்டிப் பார்த்தால், மேலே போட்ட கணக்கு சரியா என்பதும் தெரிந்துவிடும்.

சோதனை ஓட்டம்

முதலில் ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில். அடுத்து 30 கிலோமீட்டரில். பிறகு புதுப் பேடைப் பழக்க, 80-இல் இருந்து 20 வரை எட்டு, பத்துத் தடவை, முழுதும் நிற்காமல் வேகம் குறைத்துவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

விகித வால்வைச் சரிசெய்ய, வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்க அழுத்தத்தை மிகக் குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றாகக் கூட்டுங்கள். கடும் பிரேக்கில் எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் ஒரு சுற்று குறையுங்கள். இரு ஆக்ஸிலையும் ஒன்றாகக் கட்டும் ஸ்பூல் போட்ட வண்டியில் பின்னால் பூட்டினால் இரண்டும் சேர்ந்தே பூட்டும். 180-இல் அது நடந்தால் வண்டி பின்புறமாகத் திரும்பிப் பார்க்கும்.

பாராசூட்

அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி மணிக்கு 150 மைலைத் தொடும் வண்டிக்குப் பாராசூட் கட்டாயம். அது சுமார் 241 கிலோமீட்டர். தெரு வண்டி அந்தப் பக்கமே போகாது. போகிற வண்டி என்றால், பாராசூட் இழுக்கும் புள்ளி வண்டியின் எடை மையத்தின் உயரத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது பின்சக்கரம் தூக்கும் அல்லது முன்சக்கரம் பாரம் இழக்கும். தோற்றத்துக்காக மட்டும் பின்னால் ஒரு பாராசூட் பையைத் தொங்கவிடுவது இப்போது ஒரு மோஸ்தர். எனக்கு அது பிடிப்பதில்லை. எட்டு கிலோ பொய்யைச் சுமந்து ஓடுவானேன்?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு

கோட்டைத் தாண்டியதும் உறுதியாக ஒரே மிதியில் வேகத்தைக் குறையுங்கள், முழுத் தூரமும் லேசாகத் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். திரும்பும் பாதையில் வரிசையில் நிற்கும்போது சூடான பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம். பேட் பொருள் ரோட்டாரில் அச்சாகப் படிந்து, அப்புறம் ஸ்டீயரிங் அதிரும். இடத்துக்கு வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் எப்போதும் கூடுதல் சூடு என்றால் அந்தக் காலிப்பர் விடவில்லை, அல்லது அந்த ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திருப்பி அனுப்ப மறுக்கிறது. ஒரு பக்கம் எப்போதும் குளிர்ச்சி என்றால் அங்கே காற்று மிச்சமிருக்கிறது அல்லது பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. முன் இரண்டும் சேர்ந்து, பிரேக்கே போடாத தூரத்திலும் சூடாக இருந்தால், தள்ளுகோலின் அந்த 1/16 அங்குல ஆட்டத்தையும் சிலிண்டர் வாயில் ஒளிந்திருக்கும் எச்ச வால்வையும் முதலில் பாருங்கள்.